இரட்டை கிராஃபிக்ஸ் மடிக்கணினியில் லினக்ஸ்: வெளி மானிட்டரை இயங்க வைப்பது எப்படி

இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் ஒன்று, தனியாக என்விடியா சிப் ஒன்று என இரண்டும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் எச்டிஎம்ஐ போர்ட்தான். மடிக்கணினியின் சொந்தத் திரை ஒழுங்காக வேலை செய்யும். கேபிளைச் செருகினால் வெளி மானிட்டர் சில நொடிகள் விழித்திருந்துவிட்டு, சிக்னல் இல்லை என்று காட்டி அணைந்துவிடும். அதே கேபிளும் அதே மானிட்டரும் விண்டோஸில் வேலை செய்வதால், குறை லினக்ஸில்தான் என்று முடிவு கட்டிப் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. இந்தச் சிக்கலுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் சிலவே. ஆனால் அவற்றை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது மிக முக்கியம். கையில் கிடைத்த கட்டளையை எல்லாம் ஓட்டிப் பார்ப்பவர்கள், வேலை செய்துகொண்டிருந்ததையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வதே வழக்கமாக நடக்கிறது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

போர்ட் எந்த சிப்போடு இணைந்திருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வேறு எதையும் தொடக் கூடாது. 2010இல் என்விடியா கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாட்டில், மடிக்கணினியின் சொந்தத் திரை செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கும். கனமான வேலை வரும்போது மட்டும் என்விடியா சிப் விழித்துக்கொண்டு படத்தை வரைந்து, அதைச் செயலியின் பக்கம் நகலெடுத்துக் கொடுக்கும். திரைக்கு அனுப்பும் பொறுப்பு செயலியினுடையது. பேட்டரியை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஆனால் எச்டிஎம்ஐ போர்ட்டை இரண்டில் எந்த சிப்போடு இணைப்பது என்பது மடிக்கணினியை வடிவமைப்பவரின் விருப்பம். விளையாட்டுக்கான மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நேராக என்விடியாவுக்குப் போகிறது. மெல்லிய, எடை குறைந்த மாடல்களில் செயலிக்குப் போவதே அதிகம். ஒரே கணினியில் எச்டிஎம்ஐ ஒரு சிப்போடும் யூஎஸ்பி-சி இன்னொன்றோடும் இணைந்திருப்பதும் உண்டு. விற்பனைக் குறிப்பில் இந்த விவரம் அநேகமாக இருக்காது. நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். வரும் பட்டியலில் என்விடியா சிப்பின் வரியில், முகவரிக்கு அடுத்து '3டி கண்ட்ரோலர்' என்று இருந்தால், அந்த சிப்பில் திரைக்கான வெளியீடு எதுவும் இணைக்கப்படவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணினியில் எல்லாப் போர்ட்டுகளும் செயலியின் வழியாகவே போகின்றன, என்விடியா சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தோண்டிப் பயனில்லை. 'விஜிஏ கம்பேட்டிபிள் கண்ட்ரோலர்' என்று இருந்தால் என்விடியா பக்கம் போர்ட்டுகள் இருக்க வாய்ப்பு அதிகம். வரியின் தொடக்கத்தில் இருக்கும் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் 00:02.0 என்றிருக்கும், என்விடியா பெரும்பாலும் 01:00.0 என்றிருக்கும்.

அடுத்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் என்ற அடைவில் (ஃபோல்டரில்) ஒரு துணை அடைவை வைத்திருக்கிறது. கார்டு1-ஈடிபி-1 என்பது மடிக்கணினியின் சொந்தத் திரை. கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1 என்பது இன்னொரு சிப்பின் எச்டிஎம்ஐ. ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்டேட்டஸ் என்ற சிறிய கோப்பு இருக்கும். அதில் ஒரே ஒரு சொல், 'கனெக்டட்' அல்லது 'டிஸ்கனெக்டட்'. அவற்றை எல்லாம் ஒன்றாகப் பார்க்க இந்தக் கட்டளை போதும்:

வாட்ச் கிரெப் . /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்/*/ஸ்டேட்டஸ்

இரண்டு நொடிக்கு ஒருமுறை பட்டியல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் செருகுங்கள், பிடுங்குங்கள், மறுபடி செருகுங்கள். எந்த வரி மாறுகிறதோ அதுதான் உங்கள் போர்ட். அதன் முன்னால் இருக்கும் கார்டு எண் எந்த சிப்புக்கு உரியது என்பதை /டெவ்/டிஆர்ஐ/பை-பாத் அடைவில், முன்பு குறித்துவைத்த முகவரியோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். கார்டு எண்ணை மட்டும் நம்பி விடாதீர்கள். கணினியை மறுபடி தொடங்கும்போது கார்டு0, கார்டு1 இரண்டும் இடம் மாறக்கூடும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உடம்பில் ஒரு போர்ட் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். வெளியே கொண்டுவரப்படாத வெளியீடுகளும் பட்டியலில் வரும்.

இந்தச் சோதனைக்கு மூன்று விதமான முடிவுகள் வரலாம். ஒரு வரி 'கனெக்டட்' என்று மாறினால், கர்னல் மானிட்டரைப் பார்த்துவிட்டது. குறை அதற்கு மேலே, டெஸ்க்டாப் சூழலில் இருக்கிறது. இரண்டு சிப்புகளின் வரிகளும் பட்டியலில் இருந்தும் எதுவும் மாறாவிட்டால், கேபிளையும் டாக்கையும் (பல போர்ட்டுகளைத் தரும் இணைப்புப் பெட்டி) போர்ட்டையும் சந்தேகிக்க வேண்டும். என்விடியாவுக்கு உரிய வரிகளே பட்டியலில் இல்லை என்றால் டிரைவரில் கோளாறு. நான் பார்த்த வரையில் மூன்றாவது நிலைதான் மற்ற இரண்டையும்விட அதிகம். ஆகவே அதை விரிவாகப் பார்ப்போம்.

என்விடியாவின் வரிகளே இல்லாதபோது

முதலில் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைப் படித்து, அதில் நோமோட்செட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது திரை கறுப்பாக வந்ததால் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் என்ற தேர்வை எடுத்தவர்களின் கணினியில் இது அப்படியே தங்கிவிடுகிறது. அது இருக்கும் வரை திரைகளைக் கையாளும் வேலையைக் கர்னல் செய்யாது; இரண்டாவது மானிட்டருக்கும் வழி இல்லை. /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்கி, உபுண்டு, டெபியன் இரண்டிலும் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.

பிறகு எல்எஸ்பிசிஐ -கே என்று தட்டினால், ஒவ்வொரு சிப்புக்கும் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி வரும். என்விடியாவுக்கு அந்த வரியே இல்லை என்றால் எந்த டிரைவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. நூவோ என்று இருந்தால் திறந்த மூல டிரைவர் வேலையில் இருக்கிறது. எழுத்து வேலைக்கும் உலாவிக்கும் ஒரு மானிட்டரை இயக்க அது பல கணினிகளில் போதும், அப்படிப் போதுமானால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விளையாட்டு, வீடியோ தொகுப்பு, கூடா (என்விடியா சிப்பில் கணக்கீடு செய்யும் தளம்) போன்ற தேவை இருப்பவர்கள் என்விடியாவின் டிரைவருக்குப் போக வேண்டும். 2022 மே மாதத்தில் என்விடியா தன் கர்னல் தொகுதிகளை (கர்னலோடு சேர்ந்து இயங்கும் டிரைவர் பகுதிகளை) திறந்த மூலமாக வெளியிட்டது. 2018இல் வந்த டூரிங் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் அந்த வகையில் இயங்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத் திறந்த வகை மட்டுமே பொருந்தும். மாறாக மேக்ஸ்வெல், பாஸ்கல் கால சிப்புகளுக்கு டிரைவரின் 580 வரிசையே கடைசி. அவற்றை வைத்திருப்பவர்கள் அதைவிடப் புதியதை நிறுவினால் சிப் அடையாளம் காணப்படாமல் போகும்.

டிரைவரை உபுண்டு, ஃபெடோரா போன்ற உங்கள் லினக்ஸ் வகையின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். நிறுவனத்தின் தளத்திலிருந்து நிறுவிக் கோப்பை இறக்கி ஓட்டினால் அடுத்த கர்னல் மேம்படுத்தலில் திரை போய்விடும் ஆபத்து இருக்கிறது. உபுண்டுவில் உபுண்டு-டிரைவர்ஸ் லிஸ்ட் என்று பார்த்துவிட்டு, சூடோவோடு (நிர்வாகி அனுமதி தரும் கட்டளை) உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் என்று கொடுத்தால் பொருத்தமானதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து அக்மாட்-என்விடியா தொகுப்பை நிறுவ வேண்டும். அங்கே ஒரு பொறுமை வேண்டும்: நிறுவல் முடிந்தது என்று காட்டிய பிறகும் தொகுதி பின்னணியில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா என்ற கட்டளை பதிப்பு எண்ணைக் காட்டும் வரை கணினியை மறுபடி தொடங்காதீர்கள்.

நிறுவிய பின்னும் டிரைவர் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பைப் பாருங்கள். அது இயக்கத்தில் இருக்கும்போது கையொப்பம் இல்லாத தொகுதியைக் கர்னல் ஏற்காது. ஏற்ற முயன்றால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்ற பிழை வரும். உபுண்டு இதற்காகவே நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்கிறது. அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதேனும் ஒரு விசையைத் தட்டச் சொல்லிச் சில நொடிகள் மட்டும் காத்திருக்கும். கோளாறு என்று பயந்தோ கவனிக்காமலோ அதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். அங்கே விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே, கண்டின்யூ, யெஸ் என்று வரிசையாகத் தேர்ந்து, முன்பு கொடுத்த கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். தவறவிட்டவர்கள் எம்ஓகேயூடில் கட்டளையின் இம்போர்ட் தேர்வைக் கொண்டு, /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/எம்ஓகே அடைவில் இருக்கும் எம்ஓகே.டெர் சாவியை மறுபடி பதியக் கொடுத்தால் அதே நீலத் திரை மீண்டும் வரும். இதைச் செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும் என்பதால், செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை.

நேற்று வரை வேலை செய்தது, மேம்படுத்தலுக்குப் பின் இன்று செய்யவில்லை என்றால், கர்னல் மாறும்போது தொகுதிகளை மறுபடி கட்டும் கருவியான டிகேஎம்எஸ்ஸின் நிலையை, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று தட்டிப் பாருங்கள். இப்போது ஓடும் கர்னலின் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்ட் என்று இல்லாவிட்டால், அந்தக் கர்னலுக்கு உரிய ஹெடர்ஸ் தொகுப்பு (தொகுதியைக் கட்டத் தேவையான கோப்புகள்) நிறுவப்படாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

டிரைவர் ஏறியிருந்தும் வரிகள் வராமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்விடியாவின் டிரைவர் திரைகளைக் கர்னலிடம் காட்ட வேண்டுமானால் என்விடியா-டிஆர்எம் தொகுதியின் மோட்செட் அமைப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும். /சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட் கோப்பைச் சூடோவோடு படித்தால் 'ஒய்' அல்லது 'என்' என்று ஓர் ஆங்கில எழுத்து வரும். 'என்' என்று வந்தால், /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, ஆப்ஷன்ஸ் என்விடியா-டிஆர்எம் மோட்செட்=1 என்ற ஒரே வரியை எழுதி, பிறகு தொடக்கப் படிமத்தைப் புதுப்பிக்க வேண்டும்: உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ, ஃபெடோராவில் டிராகட் --ஃபோர்ஸ்.

உபுண்டுக்காரர்கள் இவை எல்லாவற்றுக்கும் முன்பாகவே பார்க்க வேண்டியது, எந்த சிப் இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிரைம்-செலக்ட் கட்டளை. பேட்டரி நீடிக்க வேண்டும் என்று எப்போதோ பிரைம்-செலக்ட் இன்டெல் என்று கொடுத்திருந்தால் என்விடியா சிப் முழுக்க அணைக்கப்பட்டிருக்கும். அதோடு இணைந்த எச்டிஎம்ஐ போர்ட்டும் உயிரற்றுக் கிடக்கும். பிரைம்-செலக்ட் க்வெரி என்று கேட்டு நிலையைத் தெரிந்துகொண்டு, தேவையானால் இப்படி மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள்:

சூடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்

என்விகண்ட்ரோல், ஆசஸ் மடிக்கணினிகளில் சூப்பர்ஜிஎஃப்எக்ஸ்சிடிஎல், பாப் ஓஎஸ்ஸில் சிஸ்டம்76-பவர் ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. அவற்றில் இன்டக்ரேட்டட் என்ற நிலை இருந்தால் ஹைப்ரிட் என்று மாற்ற வேண்டும். பயாஸ் அமைப்பில் கிராஃபிக்ஸ் தேர்வு இருக்கும் கணினிகளில் அதையும் ஒருமுறை பாருங்கள். அங்கே தனி கிராஃபிக்ஸ் மட்டும் என்று வைக்க முடிந்தால், மக்ஸ் என்னும் மாற்றி வழியாகச் சொந்தத் திரையும் என்விடியாவுக்கே மாறிவிடும். எப்போதும் மேசையிலேயே, மின்சாரத்தில் செருகியே பயன்படுத்தும் மடிக்கணினிக்கு அதுவே மிகவும் நிம்மதியான தீர்வு.

கர்னல் பார்க்கிறது, டெஸ்க்டாப் காட்டவில்லை

திரையில் சாளரங்களைக் காட்டும் அமைப்பு லினக்ஸில் இரண்டு: பழைய எக்ஸ், புதிய வேலண்ட். எக்ஸ் சூழலில் எக்ஸ்ரேண்டர் --லிஸ்ட்ப்ரொவைடர்ஸ் என்று தட்டினால் இரண்டு சிப்புகளும் இரண்டு வழங்கிகளாகத் தெரிய வேண்டும். செயலி வரைந்த படத்தை என்விடியாவின் போர்ட் வழியே வெளியே அனுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு ரிவர்ஸ் பிரைம் என்று பெயர். என்விடியாவின் டிரைவரில் இது 450 வரிசையில்தான் வந்தது. ஏஎம்டி செயலியோடு சேர்ந்து வேலை செய்வது 470 வரிசையில் வந்தது. இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகள் பல அதற்கு முந்தைய காலத்தவை. பம்பிள்பீ என்ற பழைய கருவியை நிறுவச் சொல்லும் குறிப்பையோ, என்விடியா-எக்ஸ்கான்ஃபிக் ஓட்டச் சொல்லும் குறிப்பையோ பார்த்தால் கடந்து போய்விடுங்கள். ஏற்கெனவே செய்திருந்தால் பம்பிள்பீயை நீக்கி, /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஓஆர்ஜி.கான்ஃப் கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு மறுபடி உள்நுழைந்து பாருங்கள். பலருக்கு அத்தோடு சரியாகிவிடும். இரண்டு வழங்கிகளும் தெரிந்தும் வெளித்திரை வராவிட்டால், எக்ஸ்ரேண்டர் --செட்ப்ரொவைடர்அவுட்புட்சோர்ஸ் 1 0 என்று கொடுத்து, அடுத்து எக்ஸ்ரேண்டர் --ஆட்டோ கொடுக்க வேண்டும். இதில் முதல் எண் போர்ட் உள்ள சிப்பையும் இரண்டாவது எண் படத்தை வரையும் சிப்பையும் குறிக்கும்.

இந்த இரட்டை சிப் மடிக்கணினிகளின் கதை நீண்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கடுமையாகச் சாடியது பலருக்கும் நினைவிருக்கும். அன்று அவையிலிருந்து எழுந்த கேள்வி ஆப்டிமஸ் மடிக்கணினி பற்றியதுதான். அன்றைய நிலையோடு ஒப்பிட்டால் இன்று நாம் செய்ய வேண்டியிருப்பது மிகக் குறைவு.

வேலண்டில் வழங்கிகளை நாம் இணைக்க வேண்டியதில்லை. 2021இல் 495 வரிசை டிரைவர் ஜிபிஎம் (வேலண்ட் பயன்படுத்தும் பட நினைவக முறை) ஆதரவோடு வந்த பிறகு க்னோம், கேடிஈ என்ற டெஸ்க்டாப் சூழல்கள் இரண்டும் அந்த வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. அங்கே வரும் குறை வேறு மாதிரியானது: மானிட்டர் தெரியும், ஆனால் சுட்டி இழுபடும், சாளரத்தை நகர்த்தினால் திக்கும். ஒவ்வொரு படத்தையும் செயலியின் கிராஃபிக்ஸ் வரைந்து, என்விடியாவுக்கு நகலெடுத்து, அதன் பிறகே அது வெளியே போவதுதான் காரணம். மானிட்டர் 4கே ஆகவோ 144 ஹெர்ட்ஸ் ஆகவோ இருந்தால் அந்த நகலெடுப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். தீர்வு, என்விடியாவையே முதன்மை சிப்பாக்குவது. க்னோமில் யூடெவ் (சாதனங்களைக் கையாளும் அமைப்பு) விதி ஒன்றை எழுதி, அந்தக் கார்டுக்கு மட்டர்-டிவைஸ்-ப்ரிஃபர்ட்-ப்ரைமரி என்ற டேக்கைச் சேர்க்க வேண்டும். கேடிஈயில் கேவின்_டிஆர்எம்_டிவைசஸ் என்ற சூழல் மாறியில் முதலில் என்விடியாவின் கார்டையும் அடுத்து மற்றதையும் எழுத வேண்டும். அந்த மாறி முக்காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொள்கிறது. பை-பாத் பெயர்களுக்குள்ளேயே முக்காற்புள்ளி இருப்பதால் அவற்றை அப்படியே அதில் ஒட்டினால் வேலை செய்யாது.

எந்த வரியும் மாறாதபோது

என்விடியா சிப் உறக்கத்தில் இருக்கும்போது கேபிள் செருகப்பட்டதைச் சில கணினிகள் கவனிப்பதில்லை. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஒருமுறை ஓட்டி அதை எழுப்பிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். யூஎஸ்பி-சி என்றால், எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டும் படத்தை அனுப்பாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் (யூஎஸ்பி-சி வழியே படத்தை அனுப்பும் வசதி) உள்ள போர்ட்டுக்கு அருகே டிபி குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கலாம். கைப்பேசியோடு வந்த சார்ஜர் கேபிள் இதற்கு உதவாது. தண்டர்போல்ட் டாக் என்றால் போல்ட்சிடிஎல் லிஸ்ட் என்று பார்த்து, அனுமதி இல்லாமல் நின்றால் என்ரோல் செய்ய வேண்டும். டிஸ்பிளேலிங்க் வகை டாக்குகள் முற்றிலும் வேறு; அவை படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியே அனுப்புபவை, ஈவிடிஐ என்ற தனித் தொகுதி இல்லாமல் அவற்றில் எதுவும் தெரியாது, மேலே சொன்ன எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

வரி 'கனெக்டட்' என்று காட்டியும் 1024x768 போன்ற சிறிய அளவுகள் மட்டுமே கிடைக்கிறது என்றால், அதே துணை அடைவில் இருக்கும் ஈடிஐடி கோப்பு காலியாக இருக்கிறதா பாருங்கள். மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம் அது. நடுவில் இருக்கும் மலிவான அடாப்டரோ கேவிஎம் சுவிட்சோ (ஒரே மானிட்டரைப் பல கணினிகளுக்குப் பகிரும் பெட்டி) அதை விழுங்கிவிடுகிறது. நேரடிக் கேபிளில் சரியாக வந்தால் குறை எது என்று தெரிந்துவிடும். 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸிலேயே நின்றால் போர்ட்டோ கேபிளோ எச்டிஎம்ஐ 1.4 அளவில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட் ஏஎம்டி சிப்போடு இணைந்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 வசதியைச் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துவிட்டது என்பது 2024 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. அப்படிப்பட்ட கணினியில் 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் டிஸ்பிளேபோர்ட் வழியாகப் போவதே நல்லது.

எல்லாம் இயங்கிய பிறகு பேட்டரியைக் கவனியுங்கள். என்விடியாவின் போர்ட்டில் மானிட்டர் இருக்கும் வரை அந்த சிப் உறங்க முடியாது. மின்விசிறி ஓடுவதும் சூடு ஏறுவதும் இயல்பு. கேபிளைப் பிடுங்கிய பிறகும் அது உறங்காவிட்டால்தான் சிக்கல். சிப்பின் பிசிஐ அடைவில் பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ் கோப்பு 'சஸ்பெண்டட்' என்று காட்ட வேண்டும்; 'ஆக்டிவ்' என்றே நின்றால், என்விடியாவை முதன்மை சிப்பாக்க எழுதிய விதி அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பயணத்துக்குக் கிளம்பும் முன் அந்த விதியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவதா, திரும்பி வரும் வரை பேட்டரி குறைவதைப் பொறுத்துக்கொள்வதா என்பதை உங்கள் தேவைக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளுங்கள்.